கல்லூரியின் பெயர் எத்தனை ஆண்டு துணை வரும்?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் கல்லூரி விளம்பரத் தட்டிகள் முளைத்துவிடுகின்றன. பல்லாவரம் தொடங்கி காட்டாங்கொளத்தூர் வரை, நூறு விழுக்காடு வேலைவாய்ப்பு என்று அவை உறுதி கூறுகின்றன. அதே நாள்களில் முடிச்சூர், சேலையூர், பெரும்பாக்கம் பகுதிகளின் தலித் குடியிருப்புகளில் ஒரு கேள்வி மட்டுமே பேசப்படுகிறது. பெயர்பெற்ற கல்லூரியில் கிடைக்கும் பாடத்தைப் படிப்பதா, பெயரறியாத கல்லூரியில் விரும்பிய பாடத்தைப் படிப்பதா? நகையை அடகு வைத்தேனும் பெரிய கல்லூரிக்கு அனுப்புவது தகுமா?

இக்கேள்விக்கு வழக்கமாக ஓர் அறிவுரை சொல்லப்படும். "கல்லூரிப் பெயர் முதல் வேலைக்குத்தான் பயன்படும், ஐந்தாண்டு கழிந்தால் எங்கே படித்தாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள், அனுபவமும் திறமையுமே பேசும்." இந்த அறிவுரை முழுப் பொய்யன்று. ஆனால் அது யாருடைய வாழ்விலிருந்து பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மாமன், சித்தப்பா, பக்கத்து வீட்டு அதிகாரி என்று பணியிடங்களில் ஏற்கெனவே ஆள் உள்ளவர்களுக்குக் கல்லூரிப் பெயர் தேய்ந்து போனால் இழப்பில்லை. அப்படி எவரும் இல்லாத வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் பெறுபவருக்கு அது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

பரங்கிமலையிலிருந்து ஒரு பட்டதாரி

இப்பகுதியில் பெயர்பெற்ற கல்லூரி என்றதும் நினைவுக்கு வருவது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1837இல் பள்ளியாகத் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், நூறாண்டு கழித்து 1937இல் சென்னை ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது. குடியரசுத் தலைவராக இருந்த எஸ். இராதாகிருஷ்ணன், தேர்தல் ஆணையர் டி. என். சேஷன், பெப்சிகோ நிறுவனத்தின் தலைவராக இருந்த இந்திரா நூயி ஆகியோர் அதன் முன்னாள் மாணவர்களாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவர். அவ்வளவாகச் சொல்லப்படாத பெயர் எம். சி. ராஜா.

1883இல் பரங்கிமலையில் பிறந்த ராஜா, வெஸ்லி பள்ளியிலும் கல்லூரியிலும் பின்னர் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்றவர் அமர்ந்த நாற்காலி பள்ளி ஆசிரியருடையது. அதே கல்லூரியில் பயின்ற ஆதிக்கச் சாதியினர் அரசு அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் உயர் பதவிகளுக்குச் சென்றுகொண்டிருந்த காலம் அது. ஆயினும் அந்தப் பட்டம் வீணாகவில்லை. 1920இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் சென்றார். பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர் என்றே குறிப்பிட வேண்டும் என்று அவர் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து 1922இல் அரசாணை பிறந்தது. 1927 முதல் மத்திய சட்டமன்றத்தில் பத்தாண்டு உறுப்பினராக இருந்தார்.

ராஜாவின் வாழ்வு இரண்டு செய்திகளைத் தருகிறது. பட்டம் அவருக்குப் பொதுவாழ்வில் பேசும் இடத்தைத் தந்தது. அது இல்லாமல் அரசின் அவைகளில் அவர் குரல் ஒலித்திருக்காது. ஆனால் அதே பட்டம் அவருடைய வகுப்புத் தோழர்களுக்குத் தந்த அனைத்தையும் அவருக்குத் தரவில்லை. பட்டம் ஒன்றே, அதன் விளைச்சல் விதைக்கப்படும் நிலத்தைப் பொறுத்தது.

நிலம் என்பது இங்கே உவமை மட்டுமன்று. தாம்பரத்தை உள்ளடக்கிய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், தலித் மக்களின் நிலமற்ற நிலையை 1891இல் அறிக்கையாக எழுதினார். மறு ஆண்டே பஞ்சமி நில ஒதுக்கீட்டுக்கு ஆணை பிறந்தது. நூறாண்டு கடந்து 1994இல் அந்நிலங்களை மீட்கக் காரணையில் தொடங்கிய போராட்டம், செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழப்பதில் முடிந்தது. நிலம் கைமாறிப் போன சமூகத்திற்குப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லத்தக்க சொத்து பட்டம் ஒன்றே. எனவேதான் கல்லூரித் தேர்வு இவ்வீடுகளில் வாழ்வா சாவா என்னும் கேள்வியாகிறது.

கொலம்பியா பட்டமும் பரோடா விடுதியும்

பட்டத்தின் வலிமைக்கும் எல்லைக்கும் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் சென்ற அவர், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். உலகின் முதல்வரிசைப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று அது. உதவித்தொகைக்கான ஒப்பந்தப்படி 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர வந்தபோது, தங்குவதற்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி ஒருவரின் பெயரில் பார்சி விடுதியொன்றில் தங்கினார். பதினொன்றாம் நாள் கையில் தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைத் தூரத்திலிருந்தே அவர் மேசைமீது எறிந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1918இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோதும், ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்குச் சக பேராசிரியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

கொலம்பியாவின் பெயர் அந்தப் பானைக்கு முன் செல்லுபடியாகவில்லை. ஆனால் வேறிடத்தில் செல்லுபடியாயிற்று. அவருடைய பேராசிரியர் செலிக்மன் எழுதிக் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு லண்டன் சென்றார். 1919இல் சவுத்பரோ குழுவின் முன் ஒடுக்கப்பட்டோரின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் அளித்தபோது, அவருடைய கல்வித் தகுதியை ஒதுக்கித் தள்ள எவராலும் இயலவில்லை. 1923இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியின் டி.எஸ்சி. பட்டமும், பின்னர் கொலம்பியாவின் முனைவர் பட்டமும் சேர்ந்தன. வட்டமேசை மாநாட்டிலும் அரசியலமைப்பு அவையிலும் அந்தக் கல்வியே அவருடைய படைக்கலமாக நின்றது. சாதியின் அன்றாட இழிவைப் பட்டம் தடுக்கவில்லை. அந்த இழிவை எதிர்த்து நிற்பதற்கான மேடையைப் பட்டம் தந்தது. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய நிலைக்கு வருவோம்.

பட்டத்திற்குள் மூன்று பொருள்கள்

பெயர்பெற்ற கல்லூரியின் பட்டம் என்று நாம் சொல்வதில் மூன்று வெவ்வேறு பொருள்கள் அடங்கியுள்ளன. முதலாவது, பாடத்தில் பெற்ற அறிவு. இரண்டாவது, நுழைவுச் சீட்டு. வளாகத் தேர்வுக்கு எந்த நிறுவனம் வருகிறது, விண்ணப்பக் குவியலில் எந்தத் தாள் முதலில் எடுக்கப்படுகிறது என்பவை. மூன்றாவது, உறவு, உடன் படித்தவர், மூத்த மாணவர், பேராசிரியர் ஆகியோருடன் உண்டாகும் பிணைப்பு.

இம்மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. பாட அறிவு விரைவில் பழையதாகிறது. நுழைவுச் சீட்டு முதல் வேலையில் கிழிக்கப்படுகிறது. அடுத்த வேலைக்கு முன்வேலையின் பெயரே சீட்டாகிறது. ஆனால் முதல் வேலையே இரண்டாம் வேலையைத் தீர்மானிப்பதால், அச்சீட்டின் நிழல் பத்தாண்டு வரை நீளும். மூன்றாவதாகிய உறவோ காலம் செல்லச் செல்ல வளர்கிறது. இருபத்திரண்டு வயதில் உடன் படித்தவர் வேலை தேடுபவர். நாற்பது வயதில் அவர் வேலை தருபவர். பணிநீக்கம் நடக்கும்போதும், பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும்போதும், விளம்பரத்துக்கே வராத பதவி ஒன்று காலியாகும்போதும் தொலைபேசியில் யாரை அழைக்கலாம் என்பதே கேள்வி. கல்லூரிப் பெயர் ஐந்தாண்டில் மறையும் என்போர் இரண்டாவதைச் சொல்கிறார்கள்; மூன்றாவதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு அது பிறப்பிலேயே கிடைத்திருப்பதால் அது கண்ணில் படுவதில்லை.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேல், ஆலன் குருகர் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு இவ்விவாதத்தில் புகழ்பெற்றது. பெயர்பெற்ற கல்லூரிகளில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குச் சென்றவர்களையும், அக்கல்லூரிகளிலேயே படித்தவர்களையும் பல்லாண்டு கழித்து ஒப்பிட்டனர். பெரும்பாலோருக்கு வருமானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கல்லூரிப் பெயர் முக்கியமன்று என்பதற்கு இந்த முடிவையே மேற்கோள் காட்டுவர். ஆனால் அதே ஆய்வின் மறுபகுதி மறக்கப்படுகிறது. ஏழைக் குடும்ப மாணவர்களுக்கு வேறுபாடு இருந்தது. அதே ஆய்வாளர்களின் அடுத்த ஆய்வில் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களுக்கும், பெற்றோர் குறைவாகப் படித்திருந்த மாணவர்களுக்கும் பெயர்பெற்ற கல்லூரி தெளிவான ஆதாயம் தந்தது புலப்பட்டது. வீட்டில் இல்லாத தொடர்புகளைக் கல்லூரி தருவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

இந்தியாவில் இதன் மறுபக்கமும் ஆராயப்பட்டுள்ளது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தனர். தலித் என்று உணர்த்தும் பெயர் கொண்ட விண்ணப்பதாரர் நேர்காணலுக்கு அழைக்கப்படும் வாய்ப்பு, ஆதிக்கச் சாதிப் பெயருக்கு உரியதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இஸ்லாமியப் பெயருக்கு அதனினும் குறைவு. அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் ஆகியோர் நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசினர். எல்லாரும் தகுதி ஒன்றையே பார்ப்பதாகச் சொன்னார்கள். அடுத்த மூச்சில், குடும்பப் பின்னணியை அவசியம் கேட்போம் என்றார்கள். டெல்லியின் முன்னணிப் பல்கலைக்கழக மாணவர்களை அஸ்வினி தேஷ்பாண்டேயும் நியூமனும் ஆராய்ந்தபோது, ஒரே வகுப்பறையிலிருந்து வெளிவந்தவர்களுள் தலித் மாணவர்கள் குறைந்த ஊதியத்தையே எதிர்பார்த்தனர். குடும்பத் தொடர்பு வழியாக வேலை தேடும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது.

இரண்டு உண்மைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒடுக்கப்பட்டோருக்கே பெயர்பெற்ற பட்டம் அதிகம் தேவைப்படுகிறது. அதே பட்டம் அவர்களுக்கே குறைவாகப் பலன் தருமாறு பணியிடம் அமைந்துள்ளது.

முகவரி என்னும் சாதிச் சான்றிதழ்

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இது சுயமரியாதை இயக்கத்தின் சாதனை. ஆனால் பெயர் மறைத்ததை வேறு வழிகளில் தோண்டி எடுக்கப் பணியிடம் கற்றுக்கொண்டுள்ளது. சொந்த ஊர் எது, ஊரில் எந்தத் தெரு, அப்பா என்ன செய்கிறார், குலதெய்வம் எது, வீட்டில் எந்தக் கறி சமைப்பார்கள் என்னும் கேள்விகள் நட்புப் பேச்சாகவே வரும்.

தென்சென்னைப் புறநகரில் முகவரியே போதுமானது. 2000இல் டைடல் பூங்கா திறக்கப்பட்டபின் பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் சாலையாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில், நகரின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் வெளியேற்றப்பட்ட மக்கள் அச்சாலையை ஒட்டிய கண்ணகி நகரிலும், பின்னர் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் தலித் மக்கள் பெரும்பகுதியினர். கண்ணாடிக் கட்டடங்கள் கண்ணுக்கு எட்டும் தொலைவில் உள்ளன. அவற்றுக்குள் துப்புரவுக்கும் காவலுக்கும் இங்கிருந்து ஆள் எடுக்கப்படுகிறது. மேசை வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களோ கண்ணகி நகர் என்று எழுதத் தயங்கி உறவினர் முகவரியைத் தருகிறார்கள். இது செய்தித்தாள்களில் பலமுறை பதிவாகியுள்ள நிலை. இத்தகைய இளைஞருக்குக் கல்லூரிப் பெயர் என்பது முகவரியை மறைக்கும் ஒரு திரை. விண்ணப்பத்தில் முதலில் கண்ணில் படுவது கல்லூரியாக இருந்தால், முகவரிக்குக் கண் போவதற்கு முன் அழைப்பு வந்துவிடக்கூடும்.

திரையே காட்டிக்கொடுக்கும்போது

ஆனால் திரை எப்போதும் மறைப்பதில்லை. 1959இல் தொடங்கப்பட்ட சென்னை ஐ.ஐ.டி.யை மையமாகக் கொண்டு மானுடவியலாளர் அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்னும் நூல் இதை விரிவாக ஆராய்கிறது. தலைமுறைகளாகச் சேர்த்த சாதிச் சலுகை, நுழைவுத் தேர்வின் வழியாகத் தனிமனிதத் தகுதியாக உருமாறுவதை அந்நூல் காட்டுகிறது. ஆதிக்கச் சாதி மாணவருக்கு ஐ.ஐ.டி. பட்டம் சாதியைத் திறமையாக மாற்றித் தருகிறது. ஐ.ஐ.டி.களில் 1973இல் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடு வந்தபின், தலித் மாணவருக்கு அதே பட்டம், எந்த வரிசையில் வந்தாய் என்னும் கேள்வியைக் கூடவே அனுப்புகிறது.

அக்கேள்வி கடல் கடந்தும் துரத்தும். 2020இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை, சிஸ்கோ நிறுவனத்தின் மீது சாதிப் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை அங்கேயே பயின்ற மேலாளர் சக ஊழியர்களிடம் வெளிப்படுத்தினார் என்பதும், அதன்பின் அவருடைய பொறுப்புகள் குறைக்கப்பட்டன என்பதும் மனுவின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது; மேலாளர்கள் இருவர் மீதான பகுதி 2023இல் கைவிடப்பட்டது. வழக்கின் முடிவு எதுவாயினும், அது எழுப்பிய செய்தி தெளிவானது. கல்லூரி முடித்துப் பல்லாண்டுகளுக்குப் பின்னும், பட்டத்தின் பெயரல்ல, பட்டத்தைப் பெற்ற வழி கேள்விக்குள்ளாகிறது. ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்னும் உறவு ஒருவருக்கு ஏணி. இன்னொருவருக்கு அதுவே உளவு.

துறைக்குத் துறை

எனவே பெயர் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்று பிரித்தறிவது மாணவர் கடமை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் ஒன்றியத் தேர்வாணையமும் அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகப் பட்டத்தையே கேட்கின்றன. கல்லூரிப் பெயருக்கு மதிப்பெண் இல்லை. குடிமைப் பணித் தேர்வின் 2025 மதிப்பெண்களுள் 1750 எழுத்துத் தேர்வுக்கு உரியவை. 275 மட்டுமே நேர்காணலுக்கு. இவ்வழியை நாடுவோர் நந்தனம் அரசு கலைக் கல்லூரியிலோ செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியிலோ குறைந்த கட்டணத்தில் படித்து, மீந்த பணத்தையும் நேரத்தையும் தேர்வுக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

தனியார் கணினித் துறையில் நிலை வேறு. பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை அறுபது விழுக்காடு, நிலுவைத் தாள் கூடாது என்னும் நிபந்தனைகளோடு, எந்தக் கல்லூரிக்கு எந்த நிறுவனம் வரும் என்பதும் முன்கூட்டியே முடிவாகிறது. இங்கு இடஒதுக்கீடும் இல்லை. குரோம்பேட்டையில் 1949இல் தொடங்கப்பட்ட எம்.ஐ.டி. போன்ற அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் இடம் கிடைத்தால், விரும்பிய பிரிவு இல்லாவிடினும் எளிதில் கைவிடலாகாது. குறைந்த கட்டணமும் பெயரும் ஒருங்கே கிடைக்கும் அரிய இடம் அது. அதே வேளையில், பல லட்சம் கடன் வாங்கி, விளம்பரத்தால் மட்டும் பெயர்பெற்ற கல்லூரியில் சேர்வது ஆபத்தானது. கடன் சுமந்தவர் முதலில் கிடைத்த வேலையை விட்டு நகர இயலாது. பட்டம் தந்திருக்க வேண்டிய விடுதலையைக் கடன் பறித்துவிடும்.

சட்டத் துறையில் கல்லூரிப் பெயரைவிட எந்த மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி என்பதே வாழ்வைத் தீர்மானிக்கிறது. ஆய்வு, பேராசிரியர் பணிகளிலோ, பட்டம் பெற்ற இடமும் நெறியாளரின் பெயரும் இறுதிவரை கூடவே வரும். அங்கும் ஒதுக்கப்பட்ட இடங்களைத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்னும் ஒற்றை வரியால் காலியாக வைப்பது பழகிப்போன தந்திரம்.

நம் முன் உள்ள பணி

பெயர்பெற்ற கல்லூரி தேவையா என்னும் கேள்விக்கு நேரான விடை இது. வேறு தொடர்பில்லாதவருக்கு அது பணிவாழ்வு முழுவதும் தேவை; ஆனால் பெயர் தானாக எதையும் தந்துவிடாது. அதிலுள்ள உறவைக் கைப்பற்றினால்தான் அது நிலைக்கும். ஆகவே சேரும் மாணவர், வகுப்பறையோடு நிறுத்திக்கொள்ளாமல் விவாத மன்றம், ஆய்வு வட்டம், விடுதிப் பேரவை, முன்னாள் மாணவர் சங்கம் ஆகியவற்றில் தமக்குரிய இடத்தைக் கேட்டுப் பெற வேண்டும். ஒதுங்கி நின்று பட்டத்தாளை மட்டும் வாங்கி வருவது, விலை கொடுத்த பொருளில் பாதியைக் கடையிலேயே விட்டு வருவதாகும். அந்த வாசல்கள் நமக்கு எளிதில் திறப்பதில்லை என்பதும் உண்மை. அதனால்தான் தனிமனித முயற்சியோடு கூட்டு முயற்சியும் வேண்டும்.

இயக்கங்கள் செய்யத்தக்கவை உள்ளன. கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் கலந்தாய்வு, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சலுகை, அயல்நாட்டு உயர்கல்வி உதவி ஆகியவற்றை விளக்கும் முகாம்களை ஒவ்வொரு குடியிருப்பிலும் நடத்தலாம். பணியில் உள்ள தலித் பட்டதாரிகள், துறைவாரியாகத் தம் பெயரையும் நேரத்தையும் இளையோருக்கு ஒதுக்கலாம். ஆதிக்கச் சாதிகள் திருமண வீட்டிலும் சங்கக் கட்டடத்திலும் ஓசையின்றிச் செய்வதை நாம் வெளிப்படையாகச் செய்வதில் வெட்கம் எதற்கு? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்னும் கோரிக்கையோடு, நேர்காணலில் குடும்பப் பின்னணியும் முகவரியும் கேட்கப்படுவதைத் தடுக்கும் விதிமுறைகளுக்கான கோரிக்கையும் இணைய வேண்டும்.

பரங்கிமலையிலிருந்து பட்டம் பெற்றுச் சென்ற ஒருவர், தம் மக்களின் பெயரையே அரசு ஆவணத்தில் மாற்றினார். இன்று அதே ரயில் பாதையில் கல்லூரிக்குச் செல்லும் ஆயிரக்கணக்கான தலித் மாணவர்களிடம் பட்டம் இருக்கப்போகிறது. அவர்களுக்குப் பின்னால் ஒரு தொலைபேசி எண் இருக்குமா என்பதே இனிக் கேள்வி. அந்த எண் நம்முடையதாக இருக்க வேண்டும்.